பன்னிரண்டு சுரங்களுக்கும் வாழ்வு கொடுத்த பாக்

உலகம் போற்றும் சங்கீத மேதைகளில் ஒருவர் பாக். ஜெர்மனி நாட்டைச் சேர்ந்தவர். அவர் இறந்து 270 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. அவர் இயற்றிய இசை இன்றும் உலகெங்கும் ஒலிக்கிறது.

பாக்கிடம் ஒரு பழக்கம் இருந்தது. வீட்டில் உள்ள வாத்தியங்களுக்குத் தானே சுருதி சேர்ப்பார். வேறு யார் சேர்த்தாலும் அவருக்குத் திருப்தி ஏற்படாது. கால் மணி நேரத்தில் வேலையை முடித்து விடுவார்.

அவர் சுருதி சேர்த்த வாத்தியத்தில், எந்தக் கட்டையை ஆதாரமாக வைத்து வாசித்தாலும் இனிமையாக இருக்கும். இது என்ன பெரிய காரியம் என்று இன்று தோன்றலாம். அந்தக் காலத்தில் அது ஓர் அதிசயம்!

அந்த முறையை அவர் எழுதி வைக்கவில்லை. பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர்கள் அதை இன்னும் தேடிக் கொண்டிருக்கிறார்கள்.

அநாதைச் சிறுவன்

பாக்கின் முழுப்பெயர் யோகான் செபாஸ்டியன் பாக். 1685-ம் ஆண்டு மார்ச் மாதம் 21-ந் தேதி, ஐசனாக் என்ற ஊரில் பிறந்தார். தந்தை அந்த ஊரின் நகர வாத்தியக்காரர். பரம்பரை பரம்பரையாகச் சங்கீதமே தொழிலாகக் கொண்ட குடும்பம் அது. எட்டுக் குழந்தைகளில் பாக்தான் கடைக்குட்டி.

பாக்குக்கு 9 வயது ஆனபோது தாயார் இறந்தார். சில மாதங்களில் தந்தையும் இறந்து விட்டார். அநாதையாக நின்ற சிறுவனை மூத்த அண்ணன் அழைத்துச் சென்றார்.

அண்ணன் ஆர்ட்ரூப் என்ற ஊரில், தேவாலயத்தில் ஆர்கன் வாசித்து வந்தார். காற்றின் பலத்தால் பெரிய பெரிய குழல்கள் ஒலிக்கும் வாத்தியம் அது. தம்பிக்கு முதல் பாடம் சொல்லிக் கொடுத்தவர் அவரே.

நிலா வெளிச்சத்தில்...

அண்ணனிடம் ஓர் இசைச்சுவடி இருந்தது. புகழ் பெற்ற வித்துவான்களின் இசை அதில் எழுதப்பட்டு இருந்தது. தம்பி கேட்டான். அண்ணன் கொடுக்க மறுத்து, கம்பிக் கதவு போட்ட அலமாரியில் வைத்துவிட்டார்.

தம்பி சும்மா இருக்கவில்லை. இரவில் எல்லோரும் தூங்கிய பிறகு, கம்பிகளுக்கு நடுவே கையை விட்டுச் சுவடியைச் சுருட்டி எடுப்பான். விளக்குக் கிடையாது. நிலா வெளிச்சத்திலேயே பார்த்து எழுதினான். முழுவதும் எழுதி முடிக்க 6 மாதம் ஆயிற்று. கடைசியில் அண்ணன் கண்டுபிடித்து, எழுதியதையும் பறித்துக் கொண்டார் என்று சொல்லப்படுகிறது.

நினைத்ததை முடிக்கும் பிடிவாதம் சிறு வயதிலேயே பாக்கிடம் வேரூன்றி விட்டது.

15 வயதில் லூனபர்க் நகருக்குச் சென்றார். அங்கே ஒரு பள்ளியில் பாடகர் குழுவில் சேர்ந்து, இலவசமாகப் படித்தார். 18-வது வயதில், ஆர்ன்ஸ்டாட் என்ற ஊரில் புதிதாகக் கட்டிய ஆர்கனைச் சோதித்துப் பார்க்க அவரை அழைத்தார்கள். அவர் வாசித்ததைக் கேட்டு மகிழ்ந்து, அங்கேயே வேலையும் கொடுத்தார்கள்.

250 மைல் நடை

1705-ம் ஆண்டு பாக் 4 வாரம் விடுமுறை வாங்கினார். லூபெக் என்ற ஊரில் புக்ஸ்டகூட் என்ற முதிய வித்துவான் இருந்தார். அவருடைய ஆர்கன் வாசிப்பைக் கேட்க ஆசை. தூரம் சுமார் 250 மைல். பாக் நடந்தே போனார்!

போனவர் 4 வாரத்தில் திரும்பவில்லை. ஏறக்குறைய 4 மாதம் கழித்து வந்தார். தேவாலய அதிகாரிகள் கூப்பிட்டுக் கண்டித்தார்கள். விடுமுறைக்கு மேல் தங்கியது ஒரு குற்றம். திரும்பி வந்த பிறகு, பாடுகிறவர்கள் திகைக்கும்படி புதுப்புது சுரங்களைக் கலந்து வாசிக்கிறார் என்பது இன்னொரு குற்றம்.

ஆம், பாக்குக்குப் பழைய பாதை போதவில்லை. வாத்தியத்தில் உள்ள 12 சுரங்களிலும் தாராளமாக நடமாட விரும்பினார். அதற்கு ஒரு தடை இருந்தது.

ஓநாய் ஊளை

ஆர்மோனியத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு 'ச'வில் இருந்து அடுத்த மேல் 'ச' வரை, வெள்ளையும் கறுப்புமாக 12 கட்டைகள். ஆர்கனிலும், பியானோவிலும் அப்படியே.

ஒரு தந்தியை மீட்டினால் 'ச' ஒலிக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். அதில் சரிபாதி நீளத்தை மீட்டினால் மேல் 'ச' வரும். மூன்றில் இரண்டு பங்கு நீளத்தை மீட்டினால் 'ப' வரும். 'ச'வும் 'ப'வும் பாலும் தேனும் போல் கலக்கும்.

இப்போது அந்தப் 'ப'வையே 'ச'வாக வைத்து, அதற்கு ஒரு 'ப' சேர்க்கலாம். அதற்கு மேல் இன்னொரு 'ப'. இப்படி 12 முறை போனால், 12 சுரங்களையும் தொட்டுவிட்டு, மீண்டும் 'ச'வுக்கே வந்து சேர வேண்டும். ஏழு ஸ்தாயி மேலே இருக்கும் 'ச' அது.

ஆனால் சரியாக வந்து சேராது! கொஞ்சம் தாண்டிப் போய்விடும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மேல் 'ச'வுக்குப் போகும்போது தந்தியின் அதிர்வு 2 மடங்கு ஆகும். ஒன்றை ஏழு முறை இரட்டித்தால் 128. 'ப'வுக்குப் போகும்போது அதிர்வு ஒன்றரை மடங்கு. ஒன்றரையால் 12 முறை பெருக்கினால், ஏறக்குறைய 129 முக்கால். இரண்டும் ஒன்றல்ல. அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையே உள்ள தூரத்தில், ஏறக்குறைய கால் பங்கு வித்தியாசம் வந்துவிடுகிறது.

இது வாத்தியம் செய்தவர் செய்த தவறு அல்ல. சுருதி சேர்த்தவர் செய்த தவறும் அல்ல. இயற்கையின் கணக்கே அப்படி.

பன்னிரண்டு பங்காளிகள் உள்ள குடும்பத்தில் ஒரு பழைய கடன் இருப்பது போன்றது இது. கடனைத் தீர்த்தே ஆகவேண்டும். யார் எவ்வளவு கொடுப்பது என்பதுதான் கேள்வி.

பழைய காலத்தில் 'ச'வுக்கும் 'க'வுக்கும் உள்ள இனிமையைப் பெரிதாக நினைத்தார்கள். அதற்காக 11 'ப'க்களைத் தேவைக்கு மேலேயே குறைத்துச் சேர்த்தார்கள். அதனால் வழக்கமாக வாசிக்கும் சில ஆதாரங்களில் இசை அமுதமாக இருந்தது. ஆனால், மிஞ்சிய கோளாறு முழுவதும் பன்னிரண்டாவது இடத்தில் போய் விழுந்தது. அந்த இடத்தைத் தொட்டால் காது கூசும். அதற்கு ஓநாய் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்!

ஓநாய் இருக்கும் பக்கம் யாரும் போகமாட்டார்கள். இருக்கும் கட்டைகளில் பல ஆதாரமாக வைத்து வாசிக்க முடியாமல் கிடந்தன.

இதற்குப் பரிகாரம் தேடியவர்களில் ஒருவர் வெர்க்மைஸ்டர். அவரும் ஜெர்மானியர். கடனைப் பல இடங்களுக்குப் பகிர்ந்து, எல்லா ஆதாரங்களிலும் வாசிக்கும் வழியை 1691-ல் ஒரு நூலில் விளக்கினார். வழி பிறந்தது. அதில் நடந்து காட்ட ஒரு மேதை தேவைப்பட்டார்.

சிறைவாசம்

பாக் 1707-ல் தன் உறவுப்பெண் மரியா பார்பராவைக் கல்யாணம் செய்து கொண்டார். மறு ஆண்டு வைமார் நகரப் பிரபுவிடம் வேலைக்குச் சேர்ந்தார். ஒன்பது ஆண்டுகள் உழைத்தார். பெரிய பதவி காலியானபோது அது அவருக்குக் கிடைக்கவில்லை.

கோத்தன் நாட்டு இளவரசர் லியபோல்டு அவரை அழைத்தார். பாக் தன்னை விடுவிக்கும்படி பிடிவாதமாகக் கேட்டார். வைமார் பிரபுவுக்குக் கோபம் வந்துவிட்டது. 1717-ம் ஆண்டு நவம்பர் 6-ந் தேதி பாக்கைச் சிறையில் அடைத்தார்! டிசம்பர் 2-ந் தேதி வரை பாக் உள்ளே இருந்தார். மன்னிப்புக் கேட்டு அங்கேயே தங்கிவிடவில்லை. விடுதலை ஆனதும் கோத்தனுக்குப் போனார்.

இளவரசர் சங்கீதப் பிரியர். பாக்கை நண்பர் போல நடத்தினார். நல்ல காலம் வந்தது என்று நினைத்த வேளையில் இடி விழுந்தது.

வாசலில் காத்திருந்த துயரம்

1720-ம் ஆண்டு கோடையில், இளவரசர் கார்ல்ஸ்பாட் என்ற ஊருக்குப் போனார். பாக்கும் கூடப் போனார். புறப்பட்டபோது மனைவி நலமாகத்தான் இருந்தாள்.

திரும்பி வந்து வீட்டில் நுழைந்த பிறகுதான் செய்தி தெரிந்தது. மனைவி இறந்து, அடக்கமும் முடிந்து விட்டது. முகத்தைக் கூட அவர் பார்க்க முடியவில்லை. தாயில்லாத 4 குழந்தைகள் நின்றார்கள்.

மறு ஆண்டு, அரண்மனைப் பாடகி அன்னா மக்தலேனாவை மறுமணம் செய்து கொண்டார். அவளுக்கு வயது 20. கணவரின் இசையை அழகான கையெழுத்தில் படி எடுத்துக் கொடுத்தாள்.

இரண்டு மனைவியருக்கும் சேர்த்து பாக்குக்கு 20 குழந்தைகள் பிறந்தார்கள். வளர்ந்து ஆளானவர்கள் 10 பேர்தான்.

24 ஆதாரங்கள்

1722-ம் ஆண்டு பாக் ஒரு நூலை முடித்தார். 'நன்றாகச் சுருதி சேர்த்த கிளாவியர்' என்று அதற்குப் பெயர். கட்டை உள்ள வாத்தியத்தைக் கிளாவியர் என்று ஜெர்மனியில் சொல்வார்கள். கற்க விரும்பும் இளைஞர்களுக்காகவும், கற்றுத் தேர்ந்தவர்களின் பொழுதுபோக்குக்காகவும் எழுதியதாக முகப்பில் குறித்தார்.

12 கட்டைகளில் ஒவ்வொன்றையும் ஆதாரமாக வைத்துக் கொண்டார். மேல்நாட்டு இசையில் ஓர் ஆதாரத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று மேஜர். மற்றொன்று மைனர். ஆக 24. அந்த 24-க்கும் ஒவ்வொரு ஜோடி இசை எழுதினார். ஓநாய்க்குப் பயந்து மற்றவர்கள் ஒதுக்கிய இடங்களிலும் துணிந்து நுழைந்தார். ஏறக்குறைய 20 ஆண்டுகளுக்குப் பிறகு இன்னொரு 24 ஜோடி எழுதி, இரண்டாம் பாகமும் கொடுத்தார்.

இதை வாசிப்பதற்கு, வாத்தியம் எல்லா ஆதாரங்களிலும் இனிக்கவேண்டும். பாக்கின் கை அதைச் செய்தது.

இரண்டு தந்திகள் சரியாகச் சேராவிட்டால், ஒலி அலை அலையாகத் துடிக்கும். வித்தியாசம் அதிகமானால் துடிப்பு வேகமாகும். குறைந்தால் மெதுவாகும். சுத்தமாகச் சேர்ந்தால் துடிப்பு நின்றுவிடும். இந்தத் துடிப்பைக் காதால் கேட்டே, எந்த இடத்தில் எவ்வளவு விட்டுக் கொடுப்பது என்று பாக் முடிவு செய்தார். மனிதர்களிடம் விட்டுக் கொடுக்காத அவர், தந்திகளிடம் அளவறிந்து விட்டுக் கொடுத்தார்!

மூன்றாவது ஆள்

1723-ல் பாக் லீப்சிக் நகரில் தாமஸ் பள்ளியின் இசை ஆசிரியர் ஆனார். நகரசபை முதலில் விரும்பிய இரண்டு பேர் கிடைக்காததால், மூன்றாவதாகத்தான் அவருக்கு வேலை கிடைத்தது.

பள்ளிச் சிறுவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். தேவாலயங்களுக்குப் புதிய இசை எழுத வேண்டும். நகரசபையோடு சண்டையும் போட வேண்டும். பணம் போதவில்லை, நல்ல வாத்தியக்காரர்கள் இல்லை என்று அவர் முறையிட்டுக் கொண்டே இருந்தார். ஆனாலும் சாகும் வரை, 27 ஆண்டுகள், அங்கேயே உழைத்தார்.

பியானோ பிறந்தது

அக்காலத்தில் வீடுகளில் இருந்தது ஹார்ப்சிகார்டு. கட்டையை அழுத்தினால், இறகின் தண்டு தந்தியைச் சுண்டும். மெதுவாக அழுத்தினாலும், ஓங்கி அழுத்தினாலும் ஒலி ஏறக்குறைய ஒன்றுதான்.

1700-ம் ஆண்டு வாக்கில் இத்தாலியில் கிறிஸ்டோபோரி என்பவர் ஒரு புது வாத்தியம் செய்தார். சிறு சுத்தியல்கள் தந்தியைத் தட்டும். மெல்லவும் வாசிக்கலாம், உரக்கவும் வாசிக்கலாம். அதுதான் பியானோ.

ஜெர்மனியில் சில்பர்மன் என்ற ஆர்கன் நிபுணர் அதைச் செய்து பாக்கிடம் காட்டினார். ஒலி நன்றாக இருக்கிறது. ஆனால் மேல் சுரங்கள் பலவீனமாக உள்ளன, அழுத்துவதும் கஷ்டமாக இருக்கிறது என்று பாக் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

சில்பர்மனுக்குக் கோபம். ஆனால் குறை உண்மை என்று உணர்ந்தார். பல ஆண்டுகள் பாடுபட்டுத் திருத்தினார். மீண்டும் வாசித்துப் பார்த்த பாக், மனமாரப் பாராட்டினார்.

1747-ல் பிரஷ்ய மன்னர் பிரடெரிக் தன் அரண்மனைக்கு பாக்கை வரவழைத்தார். பாக்கின் மகன் இம்மானுவேல் அங்கே வித்துவானாக இருந்தார். 62 வயதுக் கிழவருக்குப் பயண உடையை மாற்றக்கூட அவகாசம் இல்லை. மன்னர் அவரை அறை அறையாக அழைத்துச் சென்று, சில்பர்மன் செய்த பியானோக்களை வாசிக்கச் சொன்னார். பிறகு மன்னரே ஒரு மெட்டைக் கொடுத்தார். பாக் அதை அங்கேயே விரித்து வாசித்து, சபையை வியப்பில் ஆழ்த்தினார்.

கண்ணொளி மறைந்தது

நிலா வெளிச்சத்தில் எழுதிய கண்கள் முதுமையில் மங்கின. 1750-ல் இங்கிலாந்தில் இருந்து வந்த டெய்லர் என்ற வைத்தியர் இரண்டு முறை அறுவை செய்தார். பார்வை அடியோடு போயிற்று. உடலும் நலிந்தது.

ஒருநாள் காலை திடீரென்று கண் தெரிந்தது. சில மணி நேரத்தில் பக்கவாதம் வந்தது. ஜூலை 28-ந் தேதி பாக் காலமானார். அப்போது அவருக்கு வயது 65. கல்லறை மேல் பெயர் பொறித்த கல்கூட இல்லை. மனைவி அன்னா மக்தலேனா 10 ஆண்டுகள் வறுமையில் வாடி, பிறர் உதவியில் வாழ்ந்து இறந்தாள்.

பாக்கின் நூல் 1801-ல்தான் அச்சேறியது. அதுவரை மாணவர்கள் கையால் எழுதி எழுதியே காப்பாற்றினார்கள். சிறுவன் பீத்தோவன் அந்தக் கையெழுத்துப் பிரதியில்தான் பயின்றான். 1829-ல், 20 வயது மெண்டல்சன் பெர்லின் நகரில் பாக்கின் பெரிய தேவாலய இசையை நடத்திக் காட்டினார். மறந்துபோன பாக்கை ஊர் மீண்டும் அறிந்தது.

கிடைக்காத ரகசியம்

பாக் எப்படிச் சுருதி சேர்த்தார்? இரண்டு தடயங்கள் இருக்கின்றன. எல்லா மேஜர் ஆதாரத்து 'க'க்களையும் சற்றுக் கூட்டியே வைக்கும்படி பாக் சொன்னதாக, மாணவர் கிர்ன்பர்கர் தெரிவித்தார். பெரும்பாலான 'ப'க்களில் சிறிது குறைக்கவேண்டும் என்று மகன் இம்மானுவேல் 1753-ல் ஒரு நூலில் எழுதினார். பெரும்பாலான என்றார். எல்லா என்று சொல்லவில்லை!

1722-ம் ஆண்டுப் பிரதியின் முகப்பில், பாக் வரைந்த ஒரு சுருள் கோலம் உண்டு. அதில்தான் ரகசியம் இருக்கிறது என்று 2005-ல் பிராட்லி லேமன் என்ற அமெரிக்க வித்துவான் கூறினார். அறிஞர்களில் சிலர் ஏற்றார்கள். பலர் மறுத்தார்கள்.

பியானோ உலகமெங்கும் பரவியபோது, வேறு ஒரு முறை மேலோங்கியது. கடனை 12 பேருக்கும் அணு பிசகாமல் சமமாகப் பங்கிடும் முறை. இதில் ஓநாய் இல்லை. எந்த ஆதாரத்திலும் வாசிக்கலாம். ஆனால் எந்த ஆதாரத்திலும் 'க' முழுச் சுத்தமாக இராது. எல்லா ஆதாரங்களும் ஒரே சாயலில் ஒலிக்கும். 20-ம் நூற்றாண்டில் இதுவே பொதுவழக்கம் ஆயிற்று.

அதற்கு முன்பு அவ்வளவு கண்டிப்பு இல்லை. 1885-ல் எல்லிஸ் என்ற ஆங்கில அறிஞர், திறமைசாலிகள் சுருதி சேர்த்த பியானோக்களை அளந்து பார்த்தார். எதுவுமே துல்லியமான சமபங்காக இல்லை.

இப்போது பியானோ நிபுணர்கள் சிலர், இரண்டையும் கலந்து சேர்க்கிறார்கள். சமபங்கை அடிப்படையாக வைத்துக் கொள்வார்கள். அதிகம் வாசிக்கும் ஆதாரங்களில் 'க'வைச் சற்று இனிமைப்படுத்துவார்கள். அபூர்வமாக வாசிக்கும் ஆதாரங்கள் கொஞ்சம் கூடுதலாகச் சுமக்கும். ஆனால் எதுவும் ஊளையிடாது. ஒவ்வோர் ஆதாரத்துக்கும் தனி நிறம் கிடைக்கும். அளவு மிஞ்சினால் புதிய பாட்டுகள் கெடும். குறைந்தால் வித்தியாசமே தெரியாது. அளந்து காட்ட மின்சாரக் கருவிகள் வந்துவிட்டன. ஆனாலும் எவ்வளவு போதும் என்று சொல்ல வேண்டியது காதுதான்.

பாக்கினுடையவை என்று நம்பப்படும் எலும்புகளை 1894-ல் கண்டெடுத்தார்கள். 1950-ம் ஆண்டு முதல் அவை லீப்சிக் தாமஸ் தேவாலயத்துக்குள் இருக்கின்றன. பெயர் பொறித்த கல்லும் இருக்கிறது. பல நாட்டு மக்கள் வந்து மலர் வைத்து வணங்குகிறார்கள்.

பாக்கின் கால் மணி நேர ரகசியம் அவரோடு போய்விட்டது. அந்த ரகசியத்தால் அவர் திறந்துவிட்ட 24 வாசல்கள் மட்டும் இன்றுவரை மூடவில்லை.